யானையும் அடையாள எண்ணும்

கண்டி மாநகரில் ஆண்டுதோறும் நிகழும் எசல பெரஹராவைக் கண்டோர், அதன் முன்னணியில் வரும் காட்சியொன்றை மறத்தல் அரிது. சவுக்கடிப்போரும் பந்தம் ஏந்துவோரும் கொடி பிடிப்போரும் கடந்த பின்னர், முதல் யானையின்மீது அமர்ந்து வருபவர் பெரமுண ராள என்னும் அலுவலர். அவர் கையில் இருப்பது வாளும் அன்று, செங்கோலும் அன்று. ஓர் ஏட்டுச் சுவடி. லேகம் மிட்டிய என வழங்கும் அச்சுவடி, ஆலயத்திற்கு உரிய நிலங்கள் யாவை, அவற்றை அனுபவிப்போர் ஆற்றவேண்டிய கடமைகள் யாவை என்பவற்றைக் குறித்த பதிவேடாகும். அவரைத் தொடர்ந்து வருபவர் கஜநாயக்க நிலமே. கண்டி அரசர் காலத்தில் அரசனுடைய யானைகள் அனைத்திற்கும் பொறுப்பாயிருந்த பதவியின் பெயர் அது.

இவ்விரு காட்சிகளும் அடுத்தடுத்து அமைந்தமை சிந்தனைக்குரியது. உடைமை என்பது பொருளால் மட்டும் நிற்பதன்று. இது இன்னாருக்கு உரியது, இவ்வழியாக வந்தது என்று கூறும் ஏட்டினாலும் நிற்பது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். அன்று யானை ஏட்டைச் சுமந்தது. இன்றோ, ஏட்டில் எழுதவேண்டிய எண்ணை யானையின் தோலுக்குள்ளேயே இடும் கருவி தோன்றியுள்ளது. வானலை அடையாளச் சில்லு என்றும், ஆர்.எப்.ஐ.டி. என்றும் கூறப்படும் இக்கருவி யாது, அஃது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலைமதிப்புள்ள உயிர்ப்பொருளுக்கு அடையாளம் இடுதல் புதிய வழக்கன்று. மாட்டுக்குக் குறிசுடுதல் வடக்கிலும் கிழக்கிலும் தொன்றுதொட்டு நிலவிய வழக்கம். 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளைப் பதிதல், குறியிடுதல், கைமாறும்போது பத்திரம் எழுதுதல் ஆகியவற்றுக்கு விதி வகுத்தது. பேராதனையை அடுத்த கெட்டம்பேயில் தலைமை அலுவலகம் கொண்ட விலங்குற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தார் காலப்போக்கில் காதிலே இலக்கத் தகடு பொருத்தும் முறையையும் கைக்கொண்டனர். சூடு விலங்குக்கு நோவு தருவது. தகடோ அறுந்து விழக்கூடியது. விரும்புவோர் அதனைக் கழற்றி வேறொன்றைப் பூட்டவும் கூடும்.

யானையின் கதை இன்னும் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்பனையாயின. ஆனையிறவு என்னும் ஊர்ப்பெயர் அப்போக்குவரத்தின் சான்றாக இன்றும் நிற்கின்றது. கிழக்கிலே ஏறாவூர்ப் பணிக்கர்கள் கயிறு ஒன்றையே துணையாகக் கொண்டு காட்டு யானையைப் பிணிப்பதில் உலகப் புகழ் பெற்றிருந்தனர். தலதா மாளிகையின் புனிதப் பேழையைப் பல்லாண்டு சுமந்து 1988 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இறந்த ராஜா என்னும் கொம்பன்யானையும், 1925 ஆம் ஆண்டளவில் ஏறாவூர்க் காட்டிற் பிடிபட்டதே. 1986 ஆம் ஆண்டில் அது தேசியச் செல்வமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பதப்படுத்திய அதன் உடல் மாளிகை வளவில் உள்ள நூதனசாலையில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது.

ராஜாவை அடையாளம் காண எவருக்கும் எண் வேண்டியிருக்கவில்லை. நாடு முழுவதும் அதன் கொம்பையும் நடையையும் அறிந்திருந்தது. ஆனால், புகழ் இல்லாத யானைக்கு, அதிலும் பால்குடி மறவாத குட்டிக்கு, அத்தகைய காவல் இல்லை. பதிவேடுகளில் யானையின் உயரம், பால், கொம்பு உண்டா இல்லையா, நகங்களின் தொகை, காதிலும் துதிக்கையிலும் உள்ள வெளிறிய புள்ளிகள் ஆகியன குறிக்கப்படுவது வழக்கம். குட்டி வளர உயரம் மாறும். முதுமையில் வெளிறிய புள்ளிகள் பெருகும். காதின் ஓரம் கிழியும். கொம்பு தேயும், அன்றி முறியும். பெரும்பாலான யானைகளுக்கு நகங்கள் பதினெட்டு என்பதால், அதனைக் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிதலும் எளிதன்று. ஆகவே, பத்து ஆண்டுக்கு முன் எழுதிய விவரமும் இன்று நிற்கும் யானையும் ஒன்றேதானா என்ற வினா எழுந்தால், விடை பெரிதும் பாகனின் வாய்மொழியிலும் உரிமையாளரின் கூற்றிலுமே தங்கிவிடுகின்றது.

மாறாத அடையாளம் ஒன்று வேண்டும் என்ற இத்தேவைக்கு விடையாக வந்ததே சில்லு. அதன் பிறப்பு வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரிலே, றேடார்த் திரையில் தோன்றும் விமானம் நட்பா பகையா என அறிய, வினாவலை ஒன்று சென்றதும் தானாகவே விடையலை அனுப்பும் பெட்டிகள் விமானங்களிற் பொருத்தப்பட்டன. கேட்டால் விடை கூறும் கருவி என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது. 1948 ஆம் ஆண்டில் ஹரி ஸ்ரொக்மன் என்பார், தன்மேல் விழும் அலையைத் திருப்பி அனுப்புவதாலேயே செய்தி கூறலாம் என விளக்கும் ஆய்வுரை ஒன்றை வெளியிட்டார். 1970 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தினர் அதனைச் செயலுக்குக் கொணர முயன்றபோது, அவர்கள் முன்னிருந்த தேவைகளுள் ஒன்று மந்தையில் நிற்கும் மாட்டை இனங்காணுதல் ஆகும். பண்டசாலைப் பெட்டிகளுக்கும் கடைச் சரக்குகளுக்கும் இன்று பெருவழக்காகப் பயன்படும் நுட்பம், தொடக்கத்திலேயே கால்நடையோடு தொடர்புற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

விலங்குக்கு இடும் சில்லு ஒரு நெல்மணியை விடச் சற்றே பெரியது. ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட கண்ணாடிக் குழாய் அது. அதன் உள்ளே இரும்புச் சேர்வை உள்ளீடொன்றைச் சுற்றிய நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளும், ஒரு கொள்ளளவியும், எண்ணைத் தாங்கிய சிலிக்கன் துண்டும் உள்ளன. மின்கலம் இல்லை. ஆதலால், தீர்ந்துபோக அதனுள் எதுவும் இல்லை. யானையின் வாழ்நாள் முழுவதும் அது நிலைக்கக்கூடும்.

மின்கலம் இல்லாத பொருள் எவ்வாறு பேசும்? இதற்கான விடை, 1831 ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலில் உள்ளது. வாசிப்புக் கருவியின் சுருளில் ஆடலோட்டம் பாயும்போது அதனைச் சூழ்ந்து மாறும் காந்தப்புலம் உண்டாகின்றது. அப்புலம் சில்லின் சுருளை ஊடறுக்கும்போது அங்கும் சிறு மின்னியக்க விசை பிறக்கின்றது. சுருளும் கொள்ளளவியும் கருவியின் மீடிறனுக்கே பரிவுறுமாறு அமைக்கப்பட்டிருத்தலால், அச்சிறு விசை போதிய அளவு பெருகிச் சிலிக்கன் துண்டை விழிக்கச் செய்கின்றது. விழித்த துண்டு தன் சுருளின் சுமையை ஓர் ஒழுங்கில் மாற்றுகின்றது. அம்மாற்றம் வாசிப்புக் கருவியின் சுருளிலும் மெல்லிய ஏற்றத்தாழ்வாக உணரப்படுகின்றது. ஊசலிலே அமர்ந்த குழந்தை தாளத்திற்கேற்பக் கால் நீட்டி மடக்குதலை, ஊசலை ஆட்டுபவர் தம் கைக்கு வரும் தள்ளலால் அறிவது போன்றது இது. ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்களவு காலத்தினுள் முழு எண்ணும் வாசிக்கப்பட்டுவிடும்.

அவ்வெண்ணின் அமைப்பையும் வாசிக்கும் முறையையும் சர்வதேச நியம நிறுவனத்தின் 11784, 11785 ஆகிய இலக்க நியமங்கள் வரையறுக்கின்றன. எண் பதினைந்து இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்றும் நாட்டையோ, சில்லைச் செய்த நிறுவனத்தையோ குறிக்கும். இலங்கைக்குரிய நாட்டெண் 144, இந்தியாவுக்குரியது 356. எஞ்சிய பன்னிரண்டும் அவ்விலங்கிற்கே உரியவை. அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட முப்பத்தெட்டு இரும இடங்களால் 27,000 கோடிக்கு மேற்பட்ட வெவ்வேறு எண்களை அமைக்கலாம். உலகில் உள்ள ஒவ்வொரு விலங்கிற்கும் தனியெண் வழங்க இடர்ப்பாடு இல்லை.

இந்நியமம் கொண்ட மீடிறன் 134.2 கிலோஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டு கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. சில்லோ சில சென்றிமீற்றர் தூரத்தில் வாசிக்கப்படுகின்றது. எனவே, இங்கு நிகழ்வது அலை பரவுதல் என்பதினும், அருகருகே வைத்த இரு சுருள்களிடையே காந்தப்புலம் பற்றுதல் என்பதே பொருந்தும். அப்புலத்தின் வலிமை தூரத்தின் கன அளவுக்கு நேர்மாறாகத் தேய்கின்றது. தூரம் இருமடங்கானால் வலிமை எட்டில் ஒன்றாகிவிடும். கையிற் பிடிக்கும் கருவியை யானையின் தோலோடு ஒட்ட நகர்த்தினாலன்றி எண் கிடைக்காமைக்குக் காரணம் இதுவே. ஆயினும், இத்தாழ்ந்த மீடிறன் தசையையும் குருதியையும் இடையூறின்றிக் கடந்து செல்லும். பண்டசாலைகளில் வழங்கும் 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறன்கள் பல மீற்றர் தூரம் எட்டுமாயினும், நீரினால் உறிஞ்சப்படுவன, உலோகத்தால் தெறிக்கப்படுவன. பெரும்பகுதி நீராலான உடம்பினுள் இட அவை ஏற்றவையல்ல. நூல்நிலையப் புத்தகங்களில் ஒட்டும் வில்லைகளோ 13.56 மெகாஹேர்ட்ஸில் இயங்குவன. பொருளின் இயல்பறிந்து மீடிறனைத் தெரிதல் இத்துறையின் முதற்பாடம் எனலாம்.

ஈண்டுப் பரவலான மயக்கம் ஒன்றைத் தெளிவித்தல் வேண்டும். சில்லு இட்ட யானை எங்கே நிற்கின்றது என்பதை அலுவலகத்தில் இருந்தவாறே அறியலாம் எனப் பலர் கருதுகின்றனர். அது தவறு. சில்லு தானாகக் கூவுவதன்று. அருகே சென்று கேட்டாற் பெயர் சொல்வது மட்டுமே. யானை செல்லும் இடத்தை அறிய வேண்டுமாயின், விண்கோள்களின் துணையால் இடங்காணும் ஜி.பி.எஸ். கருவியும் மின்கலமும் பொருத்திய கழுத்துப்பட்டை வேண்டும். இலங்கையின் காட்டு யானைகள் சிலவற்றுக்கு அத்தகைய பட்டைகள் ஆய்வுக்காக அணிவிக்கப்பட்டுள்ளன. பட்டை "எங்கே" என்ற வினாவுக்கு விடை. சில்லு "யார்" என்ற வினாவுக்கு விடை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் சில்லால் ஆகாததை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறுவர்.

சில்லினால் விலங்கை இனங்காணும் முறை உலகளாவிய ஏற்புப் பெற்றுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையில் இணைந்த நாடுகள், 1992 ஆம் ஆண்டு யப்பானின் கியோத்தோ நகரிற் கூடியபோது, வாணிபத்திற்கு உட்படும் உயிர் விலங்குகளுக்கு எண் தாங்கிய சில்லு இடுதலைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றின. இந்தியாவில் 2003 ஆம் ஆண்டின் விதிகளைத் தொடர்ந்து, கேரளத்தில் கோயில்களும் தனியாரும் வளர்த்த யானைகளுக்குச் சில்லுகள் இடப்பட்டன. தடித்த ஊசியொன்றினால் காதின் பின்புறத் தோலின் கீழோ, வால் அடியின் மடிப்பிலோ அதனைச் செலுத்துவர். இடம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒரு நாட்டினுள் அஃது ஒரே இடமாக இருத்தல் நன்று. இல்லையேல், வாசிப்போர் யானையின் பேருடம்பு முழுவதும் தேடி அலைய நேரும்.

இலங்கையில் இவ்வினா ஏன் அவசரமானது? 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வளர்ப்பு யானை ஒவ்வொன்றும் பதியப்படல் வேண்டும். அனுமதிப்பத்திரமும் பெறல் வேண்டும். காட்டு யானையைப் பிடித்தல் குற்றம். 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இத்தீவின் காட்டு யானைகள் 5,879 என வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அறிவித்தது. வளர்ப்பு யானைகளோ சில நூறே. கேகாலை மாவட்டத்தில் மகா ஓயாவின் அருகே 1975 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பின்னவலை யானைகள் அநாதை இல்லத்தில் குட்டிகள் பிறந்து வருகின்றன. 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31 ஆம் நாள் அங்கே இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. எனினும், தனியாரிடம் உள்ள யானைகள் ஈனுதல் மிக அரிது. முதுமையால் யானைகள் குறைந்து செல்ல, பெரஹராக்களுக்கு யானை வேண்டுமென்ற தேவை மட்டும் குறையவில்லை. தேவை மிகுந்து வழங்கல் குன்றிய இடத்திற் களவு புகுதல் இயல்பு.

அவ்வாறே புகுந்தது. காட்டிலே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகள், பொய்ப் பத்திரங்களின் துணையால் வளர்ப்புக் குட்டிகளாகக் காட்டப்பட்டன என்ற குற்றச்சாட்டுகள் 2015 ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிதாக எழுந்தன. பல யானைகள் கைப்பற்றப்பட்டன, வழக்குகள் தொடரப்பட்டன. 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வளர்ப்பு யானைகளின் நலனுக்கான புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாயின. நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது, இரண்டரை மணி நேரம் நீராட்டல் வேண்டும், குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது, ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருத்துவச் சோதனை வேண்டும் என்பனவற்றோடு, ஒவ்வொரு யானைக்கும் டி.என்.ஏ. விவரம் அடங்கிய அடையாள அட்டை வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். மறுமாதமே கொழும்பு நீதிமன்றமொன்று கைப்பற்றப்பட்ட யானைகள் சிலவற்றை முன்னர் வைத்திருந்தோரிடம் ஒப்படைக்குமாறு பணித்தது. சூழல் அமைப்புகள் அதனை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின.

இந்நிகழ்ச்சிகளின் நடுவே நின்று நோக்குவார்க்குச் சில்லின் வலிமையும் வரம்பும் தெளிவாகும். சில்லு ஒன்றையே உறுதி செய்கின்றது: சென்ற ஆண்டு இவ்வெண்ணோடு நின்ற உடம்பே இவ்வாண்டும் நிற்கின்றது என்பதை. இது சிறு பயனன்று. யானை இறக்கும்; பத்திரம் இறப்பதில்லை. இறந்த யானையின் பத்திரத்தைப் புதியதொரு குட்டிக்குப் போர்த்துதல் தாளை மட்டும் நம்பும் முறையில் எளிது. சில்லு இருப்பின், இறந்த உடம்பிலிருந்து அதனை மீட்டுப் பதிவை மூடலாம். அவ்வெண் மீண்டும் உயிர்த்தெழாது.

ஆனால், அவ்வுடம்பு முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்பதைச் சில்லு அறியாது. களவாடிய குட்டிக்கும் முறைப்படி பிறந்த குட்டிக்கும் அது வேறுபாடு காண்பதில்லை. பொய்யான பதிவின் அடிப்படையில் இடப்பட்ட சில்லு அப்பொய்யை வாழ்நாள் முழுவதும் காக்கும் அரணாகிவிடும். முன்னர் தாளில் இருந்த பொய் பின்னர் உடம்பிலும் இருக்கும். ஐயுற்றுக் கேட்பவனிடம், எண் சரியாக உள்ளதே என்று விடை கூறப்படும். மேலும், அவ்வெண் இரகசியமானதன்று. எவரும் வாசிக்கலாம், திருத்தி எழுதத்தக்க சில்லுகளில் அதே எண்ணைப் படியெடுத்தலும் கூடும். ஆகவே, எண்ணைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது எனக் கொள்ளுதல் அறிவுடைமையாகாது.

பிறப்பை அறியும் சான்று டி.என்.ஏ. ஆகும். குட்டி தன் மரபுக் கூறுகளிற் பாதியைத் தாயிடமிருந்து பெறுகின்றது. இன்ன வளர்ப்பு யானை ஈன்ற குட்டி இது என ஒருவர் கூறின், இரண்டின் குருதியையும் ஒப்புநோக்கி அக்கூற்றைச் சோதிக்கலாம். இந்தியாவிலும் வளர்ப்பு யானைகளின் டி.என்.ஏ. விவரங்களைக் கஜ சூசனா என்னும் செயலி வழியே திரட்டும் பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது. எனினும் டி.என்.ஏ. சோதனைக்கு ஆய்வுகூடமும் காலமும் வேண்டும். வீதியோரத்தில் நின்று அதனைச் செய்தல் இயலாது. சில்லை ஒரு நொடியில் வாசிக்கலாம். ஒன்று மூலத்தை நிறுவும். மற்றொன்று தொடர்ச்சியை நிறுவும். இவ்விரண்டையும் பிணைப்பது பதிவேடு.

எனவே முறை பிறழாமை முக்கியம். முதலில் விசாரணையும் டி.என்.ஏ. சோதனையும், அவை தேறிய பின்னரே சில்லு, சில்லு இடும்போது சாட்சிகள் முன்னிலையில் எண்ணையும் படத்தையும் பதிதல், அப்பதிவைப் பொதுமக்கள் பார்வையிட இடமளித்தல், விற்பனை, இரவல், பிறப்பு, இறப்பு ஆகிய ஒவ்வொன்றின்போதும் எண்ணை மீள வாசித்தல். பதிவேடு ஒரே அறையில், ஒரே பிரதியாக, ஒருவர் கையில் மட்டும் இருக்குமாயின் எத்துணை நுண்ணிய சில்லும் பயன்தராது. நேர்மையாக யானை வளர்ப்போருக்கும் இம்முறை நன்மையே பயக்கும். பெரஹராவுக்கு யானை அனுப்பும் ஒருவர், வீண் ஐயத்திற்கு ஆளாகாது தலைநிமிர்ந்து செல்ல அஃது உதவும்.

இக்கருத்து யானையோடு நின்றுவிடுவதன்று. கல்லூரி நூல்நிலையத்தின் சேர்வுப் பதிவேட்டையும் ஆய்வுகூடத்தின் பொருட்பதிவேட்டையும் ஆண்டுதோறும் சரிபார்ப்போர் இதன் உண்மையை நன்கறிவர். புத்தகத்தின் முதுகில் இலக்கம் ஒட்டினால் மட்டும் புத்தகம் காக்கப்பட்டதாகாது. அது எவ்வாறு வந்தது, எவரிடம் சென்றது, எப்போது மீண்டது என்பனவற்றை உள்ளவாறு எழுதும் கையே அதனைக் காக்கின்றது. வாசிப்புக் கருவி கணக்கெடுப்பின் நாட்களைக் குறைக்கும். எழுதுவோரின் வாய்மையைக் கூட்டும் ஆற்றல் அதற்கில்லை.

பெரமுண ராள கையில் ஏந்திய ஏட்டை மக்கள் திரண்டு நிற்கும் வீதியிலே, ஒளிவெள்ளத்தில், எல்லாரும் காணக் கொண்டுசெல்லும் வழக்கத்தின் உட்பொருள் ஒருவாறு இதுவே எனலாம். உடைமையின் கணக்கு மறைவில் இருத்தற்குரியதன்று. எண் யானையின் தோலுக்கடியில் மறைந்திருக்கலாம். அதன் வரலாறு மறைந்திருத்தல் ஆகாது. தாயைப் பிரிந்த குட்டி தன் கதையைக் கூற மாட்டாது. அதன் சார்பிற் பேச வேண்டியவை அச்சிறு சில்லும், அதனோடு பொருந்திய மெய்யான ஏடுமே.